நின்ற பிள்ளைகள்

கல்வித் துறையின் புள்ளிவிவரப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களில் சிலர், பள்ளி இடைநிற்றலை நகரத்துக்கு நகரம் நியாயமாக ஒப்பிடுவது எப்படி என்று என்னிடம் கேட்டிருந்தீர்கள். கணக்கிடும் முறை உங்கள் பாடநூல்களில் இருக்கிறது. அதை என்னைவிட நீங்களே நன்றாக அறிவீர்கள். நான் சொல்லக்கூடியது வேறு. கணக்குக்கு முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது. கேள்விக்குள் ஒரு சொல் இருக்கிறது. ஐம்பதுகளின் நடுப்பகுதியில், அப்படிப்பட்ட ஒரு சொல்லின் காரணமாக இராயபுரத்தில் ஒரு பள்ளியின் நான்காம், ஐந்தாம் வகுப்புகள் மூடப்பட இருந்தன. அந்த நிகழ்ச்சியை மட்டும் எழுதுகிறேன்.

தொடங்குமுன் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுவது முறை. இதில் வரும் ஆசிரியையை நான் பின்னாளில் மணந்தேன். இந்த ஆண்டு தை மாதத்தில் அவர் காலமானார். அன்று அவர் எனக்கு ஓர் ஆசிரியை மட்டுமே. ஆகவே இங்கும் அவரை அப்படியே குறிப்பிடுவேன். வேறு விதமாக எழுத இப்போது எனக்கு இயலாது.

அந்நாளில் இடைநிற்றல் என்ற சொல் புழக்கத்துக்கு வந்திருக்கவில்லை. அலுவலகத்துக்குள் 'விரயம்' என்போம். சேர்ந்த பிள்ளை படிப்பை முடிக்காமல் போனால் அதற்குச் செலவிட்ட பணமும் உழைப்பும் விரயம் என்பது பொருள். பள்ளிகளுக்குத் தமிழிலேயே சுற்றறிக்கை அனுப்பத் தொடங்கியிருந்த புதிது அது. பள்ளிக்கூடங்களுக்கு 'விரயம்' என்று எழுதினால் மனம் நோகும் என்று கருதிய எங்கள் தலைமை அதிகாரி, மக்கள் பேசும் சொல்லையே போடச் சொன்னார். 'பையன் பள்ளிக்கூடத்தை விட்டு நின்றுவிட்டான்' என்றுதானே எல்லோரும் சொல்கிறார்கள்? ஆகவே சுற்றறிக்கையில் கேள்வி இப்படி அமைந்தது: 'இவ்வாண்டு ஒவ்வொரு வகுப்பிலும் நின்ற பிள்ளைகள் எத்தனை பேர்?'

நல்லெண்ணத்தோடு எழுதப்பட்ட கேள்வி. எளிய தமிழ். அதில் பிழை இருப்பதாக யாருக்கும் தோன்றவில்லை.

மதராஸ், மதுரை, கோயம்புத்தூர், சேலம் ஆகிய நான்கு ஊர்களிலிருந்தும் விடைகள் வந்தன. அட்டவணை தயாரித்தோம். மதராஸ் கடைசியில் நின்றது. அதைக் கீழே இழுத்தது ஊர் முழுவதும் அல்ல. இராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வரை துறைமுகத்தை ஒட்டிக் கிடக்கும் வட்டாரம் மட்டுமே. தலைமை அதிகாரி முடிவெடுக்கத் தயங்குபவர் அல்லர். அந்த வட்டாரத்தில் மிக மோசமான விடை வந்த பள்ளியின் நான்காம், ஐந்தாம் வகுப்புகளை மூடுவது. ஆசிரியர்களைக் கோயம்புத்தூர் ஆலைப் பகுதிக்கு மாற்றுவது. மிஞ்சியிருக்கும் பிள்ளைகளை ரயில் பாதைக்கு மேற்கே மூலக்கொத்தளத்தைத் தாண்டியுள்ள பெரிய பள்ளிக்கு அனுப்புவது. இதுவே திட்டம்.

அவரைக் கொடியவராக நீங்கள் நினைத்துவிடக் கூடாது. என்னை அழைத்துச் சொன்னார்:

“பசங்க விட்டுட்டுப் போற எடத்துல டீச்சரை வச்சுக்கிட்டு, பசங்க மேல பசங்க உக்காந்திருக்கற எடத்துல டீச்சர் இல்லைன்னா, அது எந்த ஊர் நியாயம்? நீரே சொல்லும்.”

அட்டவணை சரியானால் அவர் சொன்னதும் சரி.

எனக்கு உறுத்திய செய்தி ஒன்றே ஒன்று. மற்ற மூன்று ஊர்களிலும் பிள்ளைகள் அதிகமாக நின்றது முதல் வகுப்பில். அதுதான் இயல்பு, எழுத்துப் பிடிபடாத குழந்தையும், வீட்டை விட்டுப் பிரிய அழும் குழந்தையும் முதல் வகுப்போடு போய்விடும். துறைமுக வட்டாரத்தில் மட்டும் தலைகீழாக இருந்தது. அங்கே முதல் வகுப்பில் ஏறக்குறைய யாருமே நிற்கவில்லை. மூன்றாம் வகுப்பிலும் அதற்கு மேலும் கூட்டமாக நின்றிருந்தார்கள். ஒரே ஓர் இடத்தில் மட்டும் மனித இயல்பு மாறிவிட்டதாக அட்டவணை சொன்னால், மனிதர்களைச் சந்தேகிக்கும் முன் அட்டவணையைச் சந்தேகிக்க வேண்டும். நேரில் போய்ப் பார்க்க அனுமதி கேட்டேன். முழு ஆண்டுத் தேர்வு வரை பொறுப்பதாகத் தலைமை அதிகாரி சொன்னார். அதற்கு மேல் ஒரு நாளும் இல்லை.

பள்ளி, மீன் காயவைக்கும் மணல்வெளிக்கும் சரக்கு ரயில் தண்டவாளத்துக்கும் இடையில் இருந்தது. அரசு மானியம் பெறும் தனியார் பள்ளி. நிர்வாகி வேறிடத்தில் வசித்தார். தலைமையாசிரியர் நோய் விடுப்பில் இருந்ததால் மூன்றாம் வகுப்பு ஆசிரியையே பொறுப்பில் இருந்தார். நான் அறிவிக்காமல் போயிருந்தேன். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளே ஒரு சலசலப்பு. பின்கதவு வழியாகப் பிள்ளைகள் வரிசையாக வெளியேறினார்கள். ஓடவில்லை, கத்தவில்லை, பழகிய காரியத்தைச் செய்பவர்கள் போல ஒழுங்காகப் போனார்கள். என்னைக் கண்டதும் பள்ளியை விட்டு ஓடும் பிள்ளைகள் என்றுதான் எண்ணினேன். விரயம் என் கண்ணெதிரே பின்கதவு வழியாகப் போவதாகவே தோன்றியது.

ஆசிரியை நான் கேட்டவற்றுக்கு மட்டும் பதில் சொன்னார். “ஆமாம் சார்”, “இல்லை சார்” என்பவற்றுக்கு மேல் ஒரு சொல் இல்லை. நான்காம், ஐந்தாம் வகுப்புகளில் பலகைகளில் அமர்ந்திருந்தவர்கள் உண்மையிலேயே சிலர்தான். பார்க்க வேண்டியதைப் பார்த்துவிட்டதாக நினைத்து வெளியே வந்தேன்.

தெருமுனையில் குழாயடி. பெண்கள் குடங்களோடு வரிசையில் இருந்தார்கள். பின்கதவு வழியாகப் போனவர்களில் உயரமான ஒரு சிறுமி, தன் தாயின் குடத்தைத் தூக்கிவிட்டுக்கொண்டிருந்தாள். அந்தத் தாயின் பெயர் கன்னியம்மா என்றும், சிறுமி தேசம்மா என்றும் பின்னால் தெரிந்துகொண்டேன்.

“ஏம்மா, இந்தப் பொண்ணு பள்ளிக்கூடத்தை விட்டு நின்னுடுச்சா?” என்று கேட்டேன்.

“ஆமா நைனா, நின்னுகினுதான் கீது.”

“எத்தனை நாளா?”

“பேரு வெட்டினாங்களே, அன்னிலேர்ந்து.”

“அப்போ வேலைக்கு எங்கே போகுது?”

கன்னியம்மா குடத்தை இடுப்பிலிருந்து இறக்கி வைத்தார். “இன்னா நைனா, காலங்காத்தால பேஜாரு பண்றே? ஸ்கூலாண்ட நின்னுகினு கீதுன்றேன், வேலைக்கு எங்க போவுதுன்றியே. நிக்கிறதே ஒரு வேலதான். நீ ஒரு நாளு போயி நின்னு பாரு, அப்ப தெரியும்.”

“வெள்ள சொக்கா போட்டவங்களுக்கு நிக்கிறதுன்னா இன்னான்னு எப்பிடிம்மே தெரியும்?” என்றார் வரிசையிலிருந்த இன்னொரு பெண். “அவுங்க போற எடத்துக்கெல்லாம் நாற்காலி கூடவே வந்துகினு கீது.”

வரிசை முழுவதும் சிரித்தது. எனக்குப் புரியவில்லை என்பது என் முகத்திலேயே தெரிந்திருக்க வேண்டும். கன்னியம்மா இரக்கப்பட்டு விளக்கினார்.

“பேரு இல்லாத புள்ள ஸ்கூல்ல குந்தக் கூடாதாம் நைனா. ஆனா டீச்சரம்மா நல்ல மாதிரி. பின்னால சொவுத்தோரம் நின்னுக்கோன்ட்டாங்க. நின்னுகினே படிக்குது, நின்னுகினே எயுதுது. தோ, உன்ன மாதிரி யாருனா ஆபீசருங்க வந்தா மட்டும் வெளிய வந்துருவாங்க. நீ போனதும் உள்ள போவும்.”

“பேரை ஏன் வெட்டினாங்க?”

“அவுங்கப்பனுக்குக் கால்ல மூட்ட வியுந்துச்சு. ஆர்பருக்குப் போவ முடியல. எண்ணூர் உப்பளத்துக்குப் போனோம், எங்கம்மா வூட்டாண்ட. காலு ஆறித் திரும்பி வந்தா, ரிஜிஸ்டர்ல பேரு இல்ல. பேரு சேக்கணும்னா அப்பன் வந்து கையெயுத்து போடணுமாம். அந்தாளு காலைல ஆர்பர் கேட்டாண்ட நின்னாதான் மேஸ்திரி கூப்டுவான். ஒரு நாளு நிக்கலைன்னா அந்த எடத்துல வேற ஆளு நிப்பான். அவுங்கப்பன் கேட்டாண்ட நிக்கிறான், பொண்ணு கிளாஸுல நிக்குது, நான் பைப்பாண்ட நிக்கிறேன். எங்க வூட்ல குந்திகினு கீறது பூன ஒண்ணுதான்.”

நான் சிரிக்கவில்லை. சுற்றறிக்கையின் கேள்வி எனக்குள் திரும்ப ஒலித்துக்கொண்டிருந்தது: ஒவ்வொரு வகுப்பிலும் நின்ற பிள்ளைகள் எத்தனை பேர்?

பள்ளிக்குத் திரும்பினேன். இந்த முறை பின்கதவு வழியாக நுழைந்தேன். மூன்றாம் வகுப்பின் பின்சுவர் ஓரமாக அவர்கள் நின்றிருந்தார்கள். பலர் நான்காம், ஐந்தாம் வகுப்புகளுக்கு உரியவர்கள்; ஆசிரியை தம் வகுப்பிலேயே அவர்களுக்கு இடம் கொடுத்திருந்தார். சிலேட்டை ஒரு கையில் ஏந்தி மறு கையால் எழுதினார்கள். அவர்களுடைய தோள்கள் உரசி உரசி, அந்த உயரத்தில் மட்டும் சுவரின் சுண்ணாம்பு தேய்ந்து செங்கல் தெரிந்தது.

ஆசிரியை என்னைப் பார்த்து எழுந்தார். இப்போது மறைப்பதற்கு ஒன்றுமில்லை என்பதால் நிமிர்ந்து பேசினார்.

“நாங்கதான் எழுதியிருந்தோமே சார். நின்ற பிள்ளைங்க எத்தனை பேர்னு நீங்க கேட்டீங்க. நின்னவங்களை ஒருத்தர் விடாம எண்ணி எழுதினேன். இந்தப் பக்கத்து ஸ்கூல்ல எல்லாம் இப்படித்தான் நிக்கிறாங்க. அவங்களும் எழுதியிருப்பாங்க.” சுவரோரம் நின்றவர்களைத் திரும்பிப் பார்த்தார். “சர்க்காருக்கு விஷயம் தெரிஞ்சிடுச்சு, உக்கார வைக்கத்தான் கேக்கறாங்கன்னு நாங்க சந்தோஷப்பட்டோம்.”

நண்பர்களே, பள்ளியை விட மறுத்த பிள்ளைகளையே பள்ளியை விட்டவர்களாக நாங்கள் எண்ணியிருந்தோம். முதல் வகுப்பில் யாருமே நிற்காததன் காரணமும் அதுவே. சிறு குழந்தையின் பெயரை வெட்டினால் அது வீட்டோடு இருந்துவிடும். படித்துச் சுவை கண்ட பிள்ளைதான் திரும்பி வந்து சுவரோரம் நிற்கும்.

வகுப்புகளை மூடும் திட்டத்தை அவரிடம் சொன்னேன். சொல்லாமல் இருப்பது நேர்மையல்ல என்று தோன்றியது. அவர் கோபப்பட்டால் குரலைத் தாழ்த்துவார் என்பதை அன்றுதான் முதன்முதலாக அறிந்தேன்.

“மூலக்கொத்தளத்துக்கா? தண்டவாளத்தைத் தாண்டி, சுடுகாட்டு ஓரமா? ஒரு பொண்ணு போகாது சார். ஒரு பொண்ணும் போகாது. நீங்க தப்பா எண்ணிட்டீங்க. இந்த நின்ன பிள்ளைங்களைக் கழிச்சுட்டு, எங்க ஸ்கூல் கணக்கைத் திருத்திக்கோங்க. அவ்வளவுதானே?”

அந்த நேரத்தில் தலையசைத்திருந்தால் எல்லோருக்கும் நிம்மதி. பிழை தெரிந்துவிட்டது, காரணம் தெரிந்துவிட்டது, கழித்தால் போதும். உங்கள் பணியில் இந்தத் தருணம் பலமுறை வரும். நீங்கள் விரும்பும் விடையைத் தரும் ஒரு திருத்தம் கையருகே இருக்கும். அந்தத் திருத்தம் உண்மையாகவும் இருக்கும். ஆயினும் அது பாதி உண்மையே.

“கழிக்க மாட்டேன்” என்றேன். “நிக்கறவங்களை எண்ணி எழுதினீங்க. உண்மையிலேயே போனவங்களை யாரும் எண்ணலை. அவங்க எங்கே?”

அவர் கையிலிருந்த சாக்குக்கட்டியை மேசைமேல் வைத்தார்.

“கழிச்சா உங்க ஸ்கூல்ல யாருமே போகலைன்னு ஆயிடும். அதுவும் பொய்தான். மதுரையில ஒரு கேள்விக்குப் பதில், இங்கே இன்னொரு கேள்விக்குப் பதில். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல எழுதி எது பெரிசுன்னு கேக்க முடியாது. எல்லா ஊர்லயும் ஒரே கேள்வியைத் திரும்பக் கேக்கப்போறேன்.”

“கேட்டு, எங்க கணக்கு இன்னும் மோசமா வந்தா?”

“வந்தா அதையும் எழுதுவேன்.”

“அப்போ உங்களால எங்களுக்கு என்ன பிரயோஜனம் சார்?”

அந்தக் கேள்வியைப் பிற்காலத்தில் வேறு பல காரணங்களுக்காகவும் அவர் என்னிடம் கேட்டிருக்கிறார். நிறைவான பதில் எப்போதும் என்னிடம் இருந்ததில்லை. அன்று இவ்வளவுதான் சொன்னேன்: “நான் உங்களுக்காகக் கணக்கைத் திருத்தினா, நாளைக்கு வேற ஒருத்தர் வேற ஊருக்காகத் திருத்துவார். அப்புறம் உங்க கணக்கை யாரும் நம்ப மாட்டாங்க.”

அவர் பின்சுவரைத் திரும்பிப் பார்த்தார். “போனவங்க வீடெல்லாம் எனக்குத் தெரியாது. கன்னியம்மாவுக்குத் தெரியும்” என்றார்.

புதிய கேள்வியில் 'நின்ற' என்ற சொல்லே இல்லை. சென்ற ஆண்டு இந்த வகுப்பில் படித்த ஒவ்வொரு பிள்ளையும் இன்று எங்கே இருக்கிறது? இவ்வளவுதான் கேள்வி. விடை இவற்றில் ஒன்று: இதே வகுப்பில், மேல் வகுப்பில், வேறு பள்ளியில், பெயர் இல்லாமல் இங்கேயே, வேலையில், வீட்டில், இறந்துவிட்டது, தெரியாது. கடைசி விடையை அனுமதிக்கக் கூடாது என்று அலுவலகத்தில் பலர் வாதிட்டார்கள். 'தெரியாது' என்று எழுத இடம் கொடுத்தால் சோம்பேறிகள் எல்லாவற்றுக்கும் அதையே எழுதுவார்கள் என்றார்கள். இடம் கொடுக்காவிட்டால் நேர்மையானவர்களும் பொய் எழுத நேரும் என்றேன்.

ஒப்பிடும் இடங்களையும் மாற்றினேன். துறைமுக வட்டாரத்தை மதுரை முழுவதோடும் கோயம்புத்தூர் முழுவதோடும் ஒப்பிடுவதில் பொருளில்லை. மயிலாப்பூரைச் சேர்த்துக்கொண்டு மதராஸ் நன்றாக இருக்கிறது என்று சொல்வது எவ்வளவு பொய்யோ, அவ்வளவு பொய் அது. நாள்கூலி வீடுகள் நிறைந்த பகுதியை நாள்கூலி வீடுகள் நிறைந்த பகுதியோடு வைத்தேன். ஆலையோரத்தைத் துறைமுக ஓரத்தோடு வைத்தேன். ஆண்பிள்ளைகளையும் பெண்பிள்ளைகளையும் தனித்தனியாகக் கேட்டேன்.

மற்ற ஊர்களுக்கு நம்பிக்கையான சக ஊழியர்கள் போனார்கள். இராயபுரத்தில் நானும் ஆசிரியையும் பள்ளி முடிந்தபின் மாலைகளில் நடந்தோம். கன்னியம்மா வழிகாட்டினார், வழிகாட்டியதைவிட எங்களைக் கேலி செய்ததே அதிகம்.

“தோ வர்றாரு பாரு, புள்ள புடிக்கிறவரு” என்று ஒவ்வொரு சந்து முனையிலும் முன்னால் போய் அறிவிப்பார். “பயப்படாத, உன் புள்ள எங்க கீதுன்னு கேக்கத்தான் வந்துகினு கீறாரு. கண்டுபுடிச்சுக் குடுத்தா ஒண்ணியும் தர மாட்டாரு.”

போனவர்களைக் கண்டுபிடித்தோம். மீன் காயவைக்கும் இடத்தில் சிலர். பேசின் பிரிட்ஜ் தண்டவாள ஓரங்களில் எஞ்சினிலிருந்து விழும் கரித்துண்டு பொறுக்கியவர்கள் சிலர். தங்கைக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தவர்கள் சிலர். ஒரு வீட்டில் பையனின் பெயரைச் சொன்னவுடன் தகப்பன் எழுந்து உள்ளே போய்விட்டார். 'இறந்துவிட்டது' என்பதும் ஒரு விடை என்று எழுதியவன் நான்தான். ஆனால் அந்த வாசலில் நின்று அதைக் குறித்துக்கொள்ள என் கை எழவில்லை. ஆசிரியைதான் குறித்தார்.

விடைகளைத் தொகுத்தபோது துறைமுக வட்டாரம் கடைசியில் இல்லை. முதலிலும் இல்லை. ஆலை ஓரங்களைப் போலவே, கொஞ்சம் கூடக் குறைய, நடுவில் இருந்தது. மற்ற ஊர்களில் சில பள்ளிகள் 'தெரியாது' என்று ஒருவரைக்கூட எழுதவில்லை; அங்கே போன ஊழியர் விசாரித்ததில், மானியம் குறையும் என்று அஞ்சி வராத பிள்ளைகளின் பெயரையும் வெட்டாமல் வைத்திருந்தார்கள் என்று தெரிந்தது. ஓர் ஊரில் வந்து நிற்கும் பிள்ளைக்குப் பெயர் இல்லை. இன்னோர் ஊரில் வராத பிள்ளைக்குப் பெயர் இருந்தது. 'தெரியாது' என்ற விடையே வராத ஊர் சிறந்த ஊர் என்று நம்பிவிடாதீர்கள். அங்கே யாரும் தேடிப் போகவில்லை என்பதும் அதன் பொருளாக இருக்கலாம்.

ஆனால் ஒரு வரி மட்டும் உறுத்தியது. ஐந்தாம் வகுப்புப் பெண்பிள்ளைகள். அதில் துறைமுக வட்டாரம் உண்மையிலேயே எல்லோருக்கும் பின்னால் இருந்தது. 'வீட்டில்' என்ற விடையின் கீழ் அவர்கள் குவிந்திருந்தார்கள்.

ஆசிரியையிடம் அதைக் காட்டினேன்.

“இந்த ஒரு வரியை எழுதாதீங்க சார்” என்றார். குரல் மிகவும் தாழ்ந்திருந்தது. “மத்ததெல்லாம் எழுதுங்க. இதைப் பார்த்தா மூடிடுவாங்க.”

“இது உண்மைதானே?”

“உண்மைதான்.”

“ஏன் வீட்டுல இருக்காங்க?”

அவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னார்: “வளர்ந்த பொண்ணு சார். எல்லாரும் உக்காந்திருக்கறப்போ, அது மட்டும் எழுந்து சுவரோரம் எப்படி நிக்கும்? சின்னதா இருக்கற வரைக்கும் நிக்குது. கொஞ்சம் உயரமானதும் வெக்கப்படுது. தேசம்மாகூட இந்த வாரம் ரெண்டு நாள்தான் வந்தா.”

“அதையும் எழுதுவேன்” என்றேன்.

தலைமை அதிகாரி அறிக்கையைப் படித்தார். அவருடைய விரல், நான் அஞ்சியபடியே, மற்ற எல்லாவற்றையும் தாண்டி அந்த ஒரு வரியில் வந்து நின்றது.

“நீர் இவ்வளவு அலைஞ்சு கடைசியில என்ன ஆச்சு? அஞ்சாவதுல பொண்ணுங்க இல்லையே. இருக்கறவங்களுக்காக ஒரு வகுப்பா?”

“இல்லாதவங்களுக்காகத்தான் சார் அந்த வகுப்பு. அவங்க வேலைக்குப் போகலை, ஊரை விட்டுப் போகலை. கூப்பிட்டா கேக்கற தூரத்துல வீட்டுல இருக்காங்க. பேர் வெட்டினபிறகு நிக்க வெக்கப்பட்டு வராம இருக்காங்க. உக்கார எடம் கிடைச்சா வருவாங்க. மூலக்கொத்தளம் தாண்டிப் போகச் சொன்னா, இப்போ வர்றவங்களும் வர மாட்டாங்க. நம்ம பழைய அட்டவணை பொய் சார். அதை நம்பி இந்த வகுப்பை மூடினா, அடுத்த வருஷம் அது மெய்யாகிடும்.”

அவர் கண்ணாடியைக் கழற்றினார். “உக்கார வைக்கறதுக்கு என்ன செய்யணும்?”

“அப்பா வந்து கையெழுத்துப் போடணும்னு இருக்கு. அம்மா வந்தாலும் போதும்னு மாத்தணும்.”

“செலவு?”

“இல்லை சார்.”

அவர் அறிக்கையின் முதல் பக்கத்துக்குத் திரும்பினார்; பழைய கேள்வியையும் புதிய கேள்வியையும் நான் அடுத்தடுத்து எழுதியிருந்த இடத்தை மீண்டும் படித்தார். 'நின்ற' என்ற சொல் அவரே தேர்ந்தெடுத்தது என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

“அந்த ஒரு வரியை நீர் மறைச்சிருந்தா, மத்த வரிகளை நான் நம்பியிருக்க மாட்டேன்” என்றார். “ஒரு வருஷம் தர்றேன். வர்ற வருஷமும் நாலு ஊர்லயும் இதே கேள்வியை, ஒரு எழுத்து மாறாம, கேளும். அப்பவும் பொண்ணுங்க வரலைன்னா மூடுவேன். அப்போ என்கிட்ட வந்து நிக்கக் கூடாது.”

“உக்காரவும் மாட்டேன் சார்” என்றேன். அவர் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

விதி மாறிய செய்தி வட்டாரப் பள்ளிகளுக்கெல்லாம் போனது. நிர்வாகியும் மறுப்பேதும் சொல்லவில்லை. அடுத்த திங்கட்கிழமை குழாயடி வரிசை அப்படியே பள்ளி வாசலுக்கு வந்துவிட்டது. கன்னியம்மா முதலில் நின்றார். மையில் விரலைத் தோய்த்துப் பதித்துவிட்டு, அந்த விரலை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

“இம்மாந்துண்டு காரியத்துக்கா நைனா ஊரெல்லாம் சுத்துனே? மொதல்லயே எங்கையாண்ட கேட்டிருந்தா, பத்து வெரலையும் வெச்சிருப்பேனே.”

உள்ளே தேசம்மா பின்சுவர் ஓரமாகவே போய் நின்றாள். ஆசிரியை முன்வரிசையில் ஒரு பலகையைக் காட்டினார். அவள் அசையவில்லை.

“குந்தலாமா டீச்சர்?”

“உக்காரு.”

“மெய்யாலுமா?”

“உக்காரு தேசம்மா.”

அவள் பாவாடையை ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். பின்னர் மற்றவர்களும் ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். ஆசிரியை கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டார். எழுதுவதற்கு அப்போது ஒன்றும் இருக்கவில்லை.

அடுத்த ஆண்டு நான்கு ஊர்களிலும் அதே கேள்வியைக் கேட்டோம், ஓர் எழுத்தும் மாற்றாமல். வகுப்புகள் மூடப்படவில்லை. ஐந்தாம் வகுப்புப் பெண்பிள்ளைகளின் வரியில் துறைமுக வட்டாரம் முதலிடத்துக்கு வந்துவிடவில்லை, கடைசியிலிருந்து நகர்ந்தது. தலைமை அதிகாரி அதைப் பார்த்துவிட்டு, பேசாமல் அடுத்த பக்கத்தைப் புரட்டினார். அதுவே எனக்குப் போதுமானதாக இருந்தது.

அதன்பின் பணியில் இருந்த காலமெல்லாம், 'நின்றவர்' என்று எழுதப்பட்ட எந்தக் கணக்கு என் மேசைக்கு வந்தாலும், 'எங்கே?' என்று ஓரத்தில் எழுதித் திருப்பி அனுப்புவேன். அலுவலகத்தில் அதற்காக என்னைக் கேலி செய்வார்கள். வீட்டிலும் கேலி உண்டு. கடிகாரம் நின்றுவிட்டது என்று நான் சொன்னால், 'எங்கே?' என்பார் அவர்.

இந்த ஆண்டு தை மாதத்தில் ஒரு காலை, ஸ்டான்லி மருத்துவமனையின் நீண்ட நடைவழியில் காத்திருந்தேன். இளம் மருத்துவர் ஒருவர் வந்தார். நல்ல பிள்ளை, சொல்வதற்குத் தயங்கினார். பிறகு, “மூச்சு நின்னுடுச்சு ஐயா” என்றார்.

அந்தச் சொல்லைக் கேட்டவுடன் வாழ்நாள் முழுவதும் நான் கேட்டுப் பழகிய கேள்வி ஒன்று உண்டு. அன்று அதைக் கேட்கவில்லை.

கேட்டால் விடை கிடைக்கும் இடத்தில் இருப்பவர்கள் நீங்கள். கேளுங்கள்.